என் கையால் நீங்கிய பெயர்

1. லைன் மூன்றிலிருந்து ஒரு லீவு

சஸ்மிதா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றபோது நான் போனில் கத்திக்கொண்டிருந்தேன். எச்.ஆர். வேலையில் பாதி நேரம் கத்துவதிலேயே போகும். முப்பத்தோரு வருடம் அப்படித்தான் போனது. போன வருடம் ஓய்வு பெற்ற பிறகுதான் என் குரல் இவ்வளவு சின்னது என்று எனக்கே தெரிந்தது.

அவள் எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனியின் அவிநாசிபாளையம் யூனிட்டில், லைன் மூன்றில், ஓவர்லாக் டெய்லர். ஊர் ஒடிசாவில், ஒரு மலையடிவாரக் கிராமம். ஆறு வருடமாக எங்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். இரண்டு பையன்கள் ஊரில் அப்பாவோடும் பாட்டியோடும் இருந்தார்கள். மதுரைப் பக்கமிருந்து வந்த எங்கள் சூப்பர்வைசர்களுக்கு வராத கொங்கு 'ங்க' அவளுக்குச் சுத்தமாக வரும்.

"மேடம், நாப்பது நாள் லீவு வேணுங்க. குடுக்க முடியலீன்னா வேலைய வுட்டு நின்னுக்கறேனுங்க."

"ஏங்கண்ணு, யாருக்காச்சும் உடம்பு செரியில்லியா?"

"இல்லீங்க. ஊர்ல எலெக்சனுங்க. சர்பஞ்ச்சுக்கு நிக்கப் போறேனுங்க."

போனைக் கீழே வைத்துவிட்டேன். சர்பஞ்ச் என்றால் நம்மூர் ஊராட்சித் தலைவர். நான் பி.ஏ. அரசியல் அறிவியல் படித்தவள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு டைம் ஆபீசில் அட்டை பஞ்ச் பண்ணுவதில் ஆரம்பித்தேன் என்பதற்காக, குன்னத்தூரில் என் சொந்தக்காரர்கள் என்னைக் கேலி செய்யாத கல்யாணம் இல்லை. ஆனால் தேர்தலில் நிற்கப் போகிற ஒருத்தி எனக்கு முன்னால் வந்து லீவு லெட்டர் நீட்டியது அதுதான் முதல் தடவை.

சொல்லச் சொன்னேன். சொன்னாள். அந்த ஊராட்சியில் தலைவர் பதவி இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பழைய தலைவர் தன் மனைவியை நிறுத்தப் போகிறார். ஜெயித்தாலும் நாற்காலியில் அவர்தான் உட்காருவார் என்பது ஊருக்கே தெரியும். வீட்டுக்கு வீடு குழாய் நட்டு இரண்டு வருடமாகிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மகளிர் குழுப் பெண்கள் கூடிப் பேசி, எழுதப் படிக்கத் தெரிந்தவள், நாலு பேரிடம் பேசத் தெரிந்தவள் என்று சஸ்மிதாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"அடுத்த வாட்டி இந்த சீட்டு யாருக்குப் போகுமோ தெரியாதுங்க. இந்த ஒரு வாட்டிதானுங்க."

எங்கள் முதலாளியிடம் கொண்டுபோனேன். நல்ல மனுஷன். ஆனால் ஷிப்மெண்ட் நெருங்கும்போது டெய்லர் போகிறாள் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்.

"அம்மிணி, நல்ல கை அவளுது. அங்க போயி செயிச்சுப்போட்டா திரும்பி வருவாளா?"

"வர மாட்டாங்க சார்."

"செரி, போகட்டும். செயிக்கட்டும்," என்று கையெழுத்துப் போட்டார்.

2. நான் செய்த நல்ல காரியம்

மறுநாள் காலை சஸ்மிதா மறுபடி வந்தாள். கையில் போன். முகம் வெளுத்திருந்தது.

ஊரில் அவள் கணவர் வாக்காளர் பட்டியலைப் பார்க்கப் போயிருக்கிறார். வீட்டில் எல்லார் பெயரும் இருக்கிறது. சஸ்மிதா பெயர் மட்டும் இல்லை. அந்த ஊராட்சிப் பட்டியலில் பெயர் இல்லாதவர் அங்கே நிற்க முடியாது. பெயர் சேர்க்க இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

"எப்படிக் கண்ணு இல்லாமப் போகும்? நல்லாப் பார்க்கச் சொன்னியா?"

"பேரு திருப்பூருக்குப் போயிருச்சுன்னு சொல்றாங்கொ மேடம்."

அந்தப் பெயரைத் திருப்பூருக்குக் கொண்டுவந்தவள் நான்.

முந்தைய வருடம் வாக்காளர் சேர்ப்பு முகாம் நடந்தது. ஹாஸ்டல் பெண்கள் வருடக்கணக்கில் இங்கேயே இருக்கிறார்களே, ஓட்டுப் போட ஊருக்கா ஓட முடியும், இங்கேயே வாங்கிக் கொடுத்துவிடுவோம் என்று எனக்கு ஒரு எண்ணம். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்களை மெஸ்ஸில் வரிசையாக நிற்க வைத்து, ஆதார் ஜெராக்ஸ் வாங்கி, நானே படிவம் எழுதி, "இங்க கையெழுத்துப் போடு, இங்க போடு" என்று ஒரே சாயங்காலத்தில் முடித்தேன். இன்ஷூரன்ஸ் பேப்பரும் பி.எஃப். பேப்பரும் அப்படித்தானே வாங்குகிறோம். கையெழுத்துப் போட்டுப் பழகிய பெண்கள், எதற்கென்று ஒருத்தியும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முதலாளி வந்து, "நல்ல காரியம் அம்மிணி" என்றார். எனக்கு இரண்டு நாள் பெருமை தாங்கவில்லை.

இங்கே சேர்ந்தால் அங்கே நீங்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அங்கே நீங்குவதில் ஒருத்திக்கு என்ன போய்விடும் என்று யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

சஸ்மிதாவிடம் சொன்னேன். "கண்ணு, அது நான் பண்ணுன வேலை." அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "தெரியுங்க மேடம்," என்று மட்டும் சொன்னாள்.

3. எல்லாரும் 'எங்ககிட்ட இல்லை' என்றார்கள்

அவளை அன்று மத்தியானமே ரயில் ஏற்றி விட்டேன். ஊர் போய்ச் சேரவே இரண்டு நாள். இனி குடியிருக்கப் போவது அங்கே என்பதால் மனு அங்கேதான் கொடுக்க வேண்டும். நான் நேராகத் தாலுகா ஆபீஸ் தேர்தல் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி திருநெல்வேலிக்காரர். மேஜை நிறைய ஃபைல், ஆனாலும் உட்காரச் சொன்னார்.

"சார், ஒடிசாவுல பஞ்சாயத்துப் பட்டியல்ல ஒரு பேரைச் சேர்க்கோணும். நீங்க ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா..."

"மேடம், அது ஒடிசா மாநிலத் தேர்தல் ஆணையம். அவங்களுக்கு நான் லெட்டர் எழுத எனக்கு என்ன அதிகாரம் இருக்கு, சொல்லுங்க."

"அப்ப சென்னையில கேக்கட்டுங்களா?"

"சென்னைக்கும் அதுல ஒண்ணும் கிடையாது. அது வேற மாநிலம்லா."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று டெல்லி தேர்தல் ஆணையத்தின் உதவி எண்ணுக்கு அடித்தேன். எட்டாவது முயற்சியில் ஒரு பெண் எடுத்தாள். இந்தியும் இங்கிலீஷும் கலந்து பொறுமையாகச் சொன்னாள். பாராளுமன்றம், சட்டமன்றம் மட்டும்தான் இங்கே. பஞ்சாயத்து மாநிலத்துக்குச் சொந்தம். அதில் எங்களால் கை வைக்க முடியாது.

எனக்கு வந்ததே கோபம். மறுபடி உள்ளே போய் அந்த மனிதர் முன்னால் நின்றேன்.

"ஏனுங்க சார், உங்ககிட்டக் கேட்டா ஒடிசாங்கறீங்க. டெல்லியில கேட்டாலும் ஒடிசாங்கறாங்க. இந்த நாட்டை யாருதானுங்க ஆள்றது? ஒரு ஆள் கையில இருந்தா ஒரே போன்ல முடிஞ்சிருக்குமல்லங்க?"

அவர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார்.

"மொதல்ல உக்காருங்க. பட்டியல் ரெண்டு இருக்கு. எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தலுக்கு ஒண்ணு. அது டெல்லி ஆணையத்தோடது. அந்த வேலையில நானும் ஒடிசா ஆபீசரும் ஒரே வீட்டு ஆளுங்க. அவரு கம்ப்யூட்டர்ல கேட்டா நான் பதில் சொல்லியாகணும். பஞ்சாயத்துப் பட்டியல் ரெண்டாவது. அது ஒடிசா ஆணையத்தோடது. மொத பட்டியலப் பாத்துத்தான் ரெண்டாவதத் தயார் பண்ணுவாங்க. அதனால மொத பட்டியல்ல அந்தப் பொண்ணு பேரு திரும்பி அங்க போகணும். போனதும் ரெண்டாவதுல சேக்கச் சொல்லி அங்க தனியா மனு குடுக்கணும். ஒம்பது நாள்ல ரெண்டும் நடக்கணும், பாத்துக்கிடுங்க."

"நடக்குங்களா?"

"என் பக்கம் கேள்வி வந்தா அன்னைக்கே பதில் போகும். அந்தப் பக்கத்துக்கு நான் சொல்ல முடியாது."

4. கிளேர் கேட்ட கேள்வி

இதற்கு நடுவில் பையர் கம்பெனியிலிருந்து ஆடிட் வந்தது. பிரான்ஸ் நாட்டுப் பெண் கிளேர், வருடம் ஒருமுறை வருவாள். லைன் மூன்றில் ஒரு மெஷின் சும்மா கிடப்பதைப் பார்த்து, ஆள் எங்கே என்று கேட்டாள். தேர்தலில் நிற்கப் போயிருக்கிறாள் என்றேன்.

"உங்கள் நாட்டில் தேர்தல் ஏற்கெனவே முடிந்துவிட்டதே?"

"அது நாட்டுக்கு. இது அவள் ஊருக்கு. அந்த மாநிலம் நடத்துகிறது."

கிளேருக்கு ஊர்த் தேர்தல் புதிதில்லை. அவள் ஊரிலும் மேயர் உண்டு, அவரையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் ஒடிசாவில் ஒரு விதி, தமிழ்நாட்டில் ஒரு விதி என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. "எங்கள் மேயருக்கு என்ன அதிகாரம் என்று பாரிஸில் சட்டம் எழுதுவார்கள். நாடு முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். குறைந்தபட்சச் சம்பளமும் ஒன்றுதான். இங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொன்று. டெல்லி ஏன் எல்லாவற்றையும் ஒன்றாக்கக் கூடாது?"

கல்லூரியில் கூட்டாட்சிக்கும் ஒற்றையாட்சிக்கும் உள்ள வேறுபாடுகளைப் பத்து மார்க்குக்கு மனப்பாடம் செய்து எழுதியவள் நான். பத்துக்கு எட்டு வாங்கினேன். அன்று கிளேர் முன்னால் அதில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. ஜன்னல் வழியாகக் கட் பீஸ் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி தெரிந்தது. அதைக் காட்டிப் பேச ஆரம்பித்தேன்.

"கிளேர், நீங்கள் போன வருடம் ஒரு பெரிய மில்லுக்குப் போனீர்களே, நூலில் இருந்து பேக்கிங் வரை எல்லாம் ஒரே கூரையில். அங்கே டையிங் மேனேஜருக்கு அதிகாரம் உண்டா?"

"உண்டு. நிறைய."

"யார் கொடுத்தது?"

"முதலாளி."

"நாளைக்கு முதலாளி வேண்டாம் என்றால்?"

"அதிகாரமும் போய்விடும்."

"எங்கள் துணிக்குச் சாயம் போடுகிறவர் வீரபாண்டிப் பக்கம் தனி முதலாளி. எங்களுக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்கிறார். நிட்டிங் இன்னொருவர், காம்பாக்டிங் இன்னொருவர். எங்கள் முதலாளி போய் அவர் டையிங்கில் ஒரு சுவிட்சைக்கூடத் தொட முடியாது. அவர் வந்து எங்கள் லைனில் ஒரு டெய்லரை மாற்ற முடியாது. ஆனால் ஒரே ஆர்டர் ஷீட்டுக்கு ரெண்டு பேரும் கட்டுப்பட்டவர்கள். கலர் ஷேட் மாறினால் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டுதான் சண்டை."

கிளேர் சிரித்தாள். "அதனால்தான் உங்கள் ஊரில் இவ்வளவு சண்டை."

"ஆமாம். மில்லில் சண்டை கம்மி, வேலை சீக்கிரம் முடியும். ஆனால் முதலாளி தப்பான கலர் சொன்னால் மொத்த மில்லும் அதே தப்பான கலரைப் போடும். இங்கே சாயக்காரர் போன் பண்ணி, 'ஏனுங்க, இது நெசமாலுமே இந்தக் கலருதானுங்களா?' என்று கேட்பார்."

அவளுக்காகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஒற்றையாட்சியில் கீழே இருப்பவர் வைத்திருப்பது மேலே இருப்பவர் கொடுத்த அதிகாரம். கூட்டாட்சியில் டெல்லியும் மாநிலமும் தங்கள் அதிகாரத்தை ஒரே அரசமைப்புச் சட்டத்திலிருந்து தனித்தனியாக வாங்கிக்கொண்டவை. ஒன்றுக்கு இன்னொன்று கீழே இல்லை. இதைத்தான் இருபது வயதில் நான் எழுதினேன். எழுதியது கை மட்டும்தான் என்று ஐம்பத்தெட்டு வயதில் தெரிந்தது.

டெல்லிப் பெண் "கை வைக்க முடியாது" என்றாளே, அதைக் கேட்டு நான் கொதித்தேன். இத்தனை பெரிய நாட்டின் தலைநகரத்திலிருந்து ஒரு குரல், ஒடிசாவின் ஒரு மலையடிவாரத்துப் பட்டியலைப் பார்த்து, அது எங்களுடையது இல்லை என்று ஒதுங்கி நிற்கிறது. நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் தாளவில்லை. எங்கள் ஹாஸ்டலில் யாருடைய பெட்டியையும் திறந்து பார்க்கிற அதிகாரம் எனக்கு உண்டு என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

5. ஒன்பது நாள்

மூன்றாம் நாள் இரவு சஸ்மிதா ஊர் போய்ச் சேர்ந்தாள். நான்காம் நாள் மனு கொடுத்தாள். ஐந்தாம் நாள் அந்த ஊர் வாக்குச்சாவடி அலுவலர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆறாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. அன்று நான் எங்கள் ஆபீசில் மூன்று பேரை அழ வைத்தேன்.

ஏழாம் நாள் காலை தாலுகா ஆபீஸில் போய் உட்கார்ந்துகொண்டேன். பதினொரு மணிக்கு அந்த அதிகாரி தலையைத் தூக்கினார்.

"வந்துட்டு மேடம். ஒடிசாவுல இருந்து கேட்டிருக்காங்க. இந்த ஆளு உங்க பட்டியல்ல இருக்கா, மாத்தலாமான்னு."

என் கண் முன்னால் பதில் போனது. அவர் சஸ்மிதாவைப் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் கேட்டவர் இவரைப் பார்த்ததில்லை. இருவருக்கும் தெரிந்த மொழி ஒன்றுகூட முழுசாகப் பொதுவாக இருந்திருக்காது. ஒரு பெயர் திருப்பூரிலிருந்து கிளம்பி ஒடிசாவுக்குப் போனது. நான் எழுந்து கும்பிட்டேன். "என்ன மேடம் இது, நான் என் வேலையச் செஞ்சேன்," என்று அவர் சங்கடப்பட்டார்.

எட்டாம் நாள் முதல் பட்டியலில் பெயர் ஏறியது. இனி மீதி ஒடிசாவின் கையில். அங்கே திருப்பூருக்கும் வேலை இல்லை, டெல்லிக்கும் வேலை இல்லை. ஒன்பதாம் நாள் மாலை நாலு மணிக்கு போன் வந்தது.

"மேடம், ஏறிருச்சுங்க."

"சாப்டியா கண்ணு?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது.

வேட்புமனு நாளில் இன்னொன்று சொன்னாள். ஒடியா எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் அங்கே சர்பஞ்சுக்கு நிற்க முடியுமாம். நம்மூர் ஊராட்சித் தலைவருக்கு அப்படி ஒரு விதி கிடையாது. தேர்தல் நடத்தியே ஆக வேண்டும், பெண்களுக்கு இடம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் எல்லாருக்கும் சொல்கிறது. மீதியில் பெரும்பகுதியை அந்தந்த மாநிலம் எழுதிக்கொள்கிறது. அது சரியா தப்பா என்று நான் இங்கே பேச வரவில்லை. ஊசியில் நூல் கோர்க்கிற அந்தக் கையை, ஒடியாவில் எழுதத் தெரிந்த கை என்று நான் ஆறு வருடத்தில் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

சஸ்மிதா ஜெயித்தாள். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை, எங்கள் ஒரு லைனில் உட்காருகிற டெய்லர்கள் அளவுக்கு ஓட்டு. லைன் மூன்றில் அன்று ஜிலேபி கொடுத்தோம். முதலாளியும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டார்.

6. ஒரு கடிதம்

ஆறேழு மாதம் கழித்துக் கம்பெனி பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. மேலே ஒடியாவில் அச்சடித்த தலைப்பு, கீழே வட்ட முத்திரை. உள்ளே இங்கிலீஷில் டைப் செய்த அரைப் பக்கம். 'எங்கள் ஊராட்சியைச் சேர்ந்த பதினொரு பெண்கள் தங்கள் நிறுவனத்தில் பணிபுரிகிறார்கள். அவர்களுடைய வாக்காளர் பதிவை மாற்றும் எந்தப் படிவத்திலும், அதை அவரவர் மொழியில் படித்துக் காட்டாமல், சம்மதம் கேட்காமல் கையெழுத்து வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.' அதன் கீழே சஸ்மிதாவின் கையெழுத்து. என் பெயர் எங்கும் இல்லை. ஒரு குற்றச்சாட்டுச் சொல்கூட இல்லை.

காது இரண்டும் சுட்டது. அவமானமா என்றால் அவமானம்தான். ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. எனக்கு முன்னால் நின்று லீவு கேட்டவள், இப்போது ஓர் ஊராக நின்று பேசுகிறாள்.

முதலாளி இரண்டு தடவை படித்தார். "அம்மிணி, இது ஆர்டருங்களா? ஒடிசாவுல இருந்து திருப்பூர்ல இருக்கற கம்பெனிக்கு இவிய எப்படிங்க சொல்ல முடியும்?"

"ஆர்டர் போட அவங்களுக்கு அதிகாரம் இல்லீங்க சார். அவங்க அதிகாரம் அந்த ஊர் எல்லையோட செரி. அந்த மாநில அரசாங்கமே நெனச்சாலும் நம்மளுக்கு ஆர்டர் போட முடியாதுங்க."

"அப்பறம்?"

"கேட்டிருக்காங்க. பதில் எழுதோணுங்க. அவங்க சொல்றது நெசமுங்க சார், தப்பு பண்ணுனது நானுங்க."

பதிலை நானே டைப் செய்தேன். 'மதிப்பிற்குரிய சர்பஞ்ச் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, தவறு நடந்தது என்று எழுதி, இனி நடக்காது என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். முப்பத்தோரு வருடத்தில் எத்தனையோ இன்ஸ்பெக்டர்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். தவறு என்ற சொல்லை எழுதியது அந்த ஒன்றில்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். தொழிலாளிக்கு நல்லது செய்வதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள். நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் வரிசையில் நிற்கிற ஒவ்வொருத்தியும் ஒரு நாட்டுக்காரி, ஒரு மாநிலத்துக்காரி, ஓர் ஊர்க்காரி. மூன்றில் எதை எங்கே வைத்துக்கொள்வது என்பது அவள் சொல்ல வேண்டியது, எச்.ஆர். சொல்ல வேண்டியது அல்ல.

பதில் எழுதிய அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் ஹாஸ்டலுக்குப் போனேன். அந்தப் பதினொரு பேரையும் உட்கார வைத்து, நானும் தரையில் உட்கார்ந்து, கடிதத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். அவர்களில் ஒருத்தி அதை மற்றவர்களுக்கு ஒடியாவில் சொன்னாள். பிறகு ஒவ்வொருத்தியாகக் கேட்டேன், உம்பட பேரு எந்த ஊர்ல இருக்கோணும் கண்ணு என்று. ஏழு பேர் ஊர் என்றார்கள். மூன்று பேர் திருப்பூரே இருக்கட்டும் என்றார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்த பெண், "ரோசனை பண்ணி நாளைக்குச் சொல்றேனுங்க மேடம்," என்றாள்.

"செரி கண்ணு," என்றேன். "நாளைக்கு வாரேன்."